கேட்பது நம் உரிமை

அரச அலுவலகத்தில் "நாளை வாருங்கள்" என்றதும் தலைகுனிந்து திரும்புகிறீர்களா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் உங்களுக்கும் உரியது. காணி, நிவாரணம், வீதி வேலைச் செலவு பற்றித் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலைநாட்களுக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதன்பின் தகவல் ஆணைக்குழு உண்டு.

இதனால் பயன் உண்டா? கொட்டியாரக் குடாக் கரையில், சம்பூரில் அமையவிருந்த நிலக்கரி மின்நிலையத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தொடரப்பட்டது. 2016இல், அது அங்கே கட்டப்படாது என அரச தரப்பே மன்றில் அறிவித்தது.

அரசின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால், வழக்கிட ஒரு மாதமே தவணை. ஆகவே தாமதிக்காதீர்கள். கொடுத்த விண்ணப்பத்தின் பிரதியைப் பத்திரமாக வையுங்கள்.