விட்ட பழக்கம் திரும்பினால்

"ஹெராயினை விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணினான். மறுபடியும் தொட்டுட்டானே!" பாறசாலைத் தாய் ஒருவர் அழுதார்.

"அழாதீங்க அம்மா. இது ஒரு நோய். மூளை பழைய போதையைத் தேடும். திட்டினால் தீராது. மருந்து உண்டு" என்றார் நர்ஸ்.

அந்த மருந்து நால்ட்ரெக்சோன் மாத்திரை. 1984-இல் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது. நம் நாட்டிலும் கிடைக்கிறது. மூளையில் போதை நுழையும் கதவை இது அடைக்கும். ஹெராயினை நிறுத்தி 7 முதல் 10 நாள் ஆன பிறகே டாக்டர் இதைத் தருவார்.

மாத்திரையை நிறுத்தினால் கதவு திறந்துவிடும். ஆகவே வீட்டார் பக்கத்தில் இருந்து கொடுக்க வேண்டும்.

கவனம்! சில காலம் விட்டிருந்தவர் பழைய அளவு போதையை எடுத்தால் மூச்சே நின்றுவிடலாம்.

நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனையில் விமுக்தி சிகிச்சை மையம் உள்ளது. உதவி எண் 14405.

கேள்வி: மாத்திரையை வீட்டார் பக்கத்தில் இருந்து கொடுப்பது ஏன்?