முடக்குவாதமும் பற்களின் நலமும்

நாற்று நடும் கைகளும் களை பறிக்கும் விரல்களும் நலமாயிருந்தால்தான் வயலில் விளைச்சல் உண்டு. அக்கைகளையே முடக்கும் நோய் ஒன்று நம்மிடையே உளது. அதனை முடக்குவாதம் என்பர். வயது வந்தோரில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர்வரை இந்நோய்க்கு ஆளாகின்றனர். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு மிகுதி. இந்நோயுடையோரின் பற்களுக்கும் ஈறுகளுக்கும் தனிக் கவனம் தேவை என்பதைப் பலர் அறியார். அது பற்றி விவசாயிகளும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்குக் கூறுவோம்.

ஓர் அனுபவம்

எமது வட்டாரத்தில் ஊராட்சி ஒன்றைப் பார்வையிடச் சென்றிருந்தேன். பெண் உறுப்பினர் ஒருவர் கூட்டம் முடியும்வரை முந்தானையால் வாயை மூடியவாறே அமர்ந்திருந்தார். பின்னர் விசாரித்ததில் விவரம் தெரிந்தது. பத்தாண்டுகளாக அவருக்கு முடக்குவாதம். ஈறு வீங்கிப் பற்கள் ஆட்டங்கண்டிருந்தன. பல்லை எடுக்குமுன் எல்லா மருந்தையும் நிறுத்திவிட வேண்டும் என்று அண்டை வீட்டார் கூறியதை நம்பி, பல்லாண்டுகளாக உட்கொண்டு வந்த ஸ்டீராய்டு மாத்திரையை ஒரே நாளில் விட்டுவிட்டார். சில நாட்களில் வாந்தியும் மயக்கமும் கண்டு, மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. பல்லும் எடுக்கப்படவில்லை, அந்தப் போகத்து நடவிற்கும் அவரால் செல்ல இயலவில்லை.

"பல்வலிக்கு வழி தேடப்போய்ப் படுக்கையில் விழுந்தேன் ஐயா. இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லையே" என்றார் அவர். அச்சொல்லே இக்கட்டுரைக்குக் காரணம்.

நோயின் இயல்பு

மூட்டுவலி எல்லாம் முடக்குவாதம் அன்று. முதுமையில் முழங்கால் தேய்வதால் வரும் வலி வேறு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு ஆற்றல், தன் மூட்டுகளையே பகையெனக் கருதித் தாக்குவது முடக்குவாதம். பெரும்பாலும் இரு கைகளின் சிறு மூட்டுகளும் ஒருங்கே வீங்கும். காலையில் எழுந்ததும் விரல்கள் விறைத்து, மடக்க ஒரு மணி நேரம்கூட ஆகும். இக்குறிகள் கண்டால் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

வாய்க்கு நேரும் கேடுகள்

முதலாவது, ஈறு நோய். முடக்குவாதம் உடையோருக்கு இது மிகுதியாகக் காணப்படுகிறது. ஈற்றில் வாழும் ஒரு வகை நுண்கிருமி உடலின் புரதங்களை மாற்றிவிடுகிறது. அவ்வாறு மாறிய புரதங்களை உடல் பகையெனக் கொள்வது முடக்குவாதத்தின் தொடக்கங்களுள் ஒன்றாகலாம் என ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். புகையிலையோ இரண்டு நோய்களையும் வளர்ப்பது.

இரண்டாவது, வாய் உலர்தல். சிலருக்கு இந்நோயுடன் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் பாதிக்கப்படுகின்றன. உமிழ்நீர் பற்களுக்குக் காவல்; அது குறைந்தால் பற்கள் விரைவில் சொத்தையாகும்.

மூன்றாவது, தாடை மூட்டும் வீங்கக்கூடும். அப்போது வாயை அகலத் திறப்பதும் மெல்லுவதும் கடினமாகும்.

நான்காவது, எவரும் எண்ணிப் பாராதது: மடங்காத விரல்களால் பல் துலக்கும் பிரஷைப் பிடிக்க முடிவதில்லை. பல் துலக்குவது நாளடைவில் குறைந்து, பின் நின்றே போகிறது. இது சோம்பல் அன்று; நோயின் விளைவு.

ஒரு பழைய தவறு

பல்லில் உள்ள நச்சே மூட்டுவாதத்திற்குக் காரணம் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேல்நாட்டு மருத்துவர் பலர் நம்பினர். நோயாளிகளின் பற்களை வரிசையாகப் பிடுங்கினர். 1938-இல் அமெரிக்காவில் 200 முடக்குவாத நோயாளிகளைப் பற்றி வெளியான ஆய்வு, இதனால் நோய் தீரவில்லை என்று காட்டிற்று. ஆகவே, மூட்டுவலி தீரும் என்றெண்ணி எவரும் பல்லை இழக்க வேண்டுவதில்லை. காக்கக்கூடிய பல்லைக் காப்பதே முறை.

நாள்தோறும் செய்யத்தக்கவை

பிரஷின் கைப்பிடியைப் பருமனாக்குவது முதல் வேலை. பழைய சைக்கிள் டியூபை நன்கு கழுவி, நீளமாக வெட்டிக் கைப்பிடியின்மேல் இறுகச் சுற்றலாம். சைக்கிள் கைப்பிடி உறையையும் பொருத்தலாம். பருமனான பிடிக்கு விரல்களை முழுதும் மடக்க வேண்டியதில்லை. பிரஷ் சிறியதாகவும், அதன் இழைகள் மென்மையாகவும் இருத்தல் நன்று.

காலையில் விரல்கள் விறைத்திருப்பின், கைகளை இளஞ்சூடான நீரில் சிறிது நேரம் வைத்திருந்து, விறைப்புத் தளர்ந்தபின் துலக்கலாம். இரவில் படுக்குமுன் துலக்குதல் இன்றியமையாதது. தாமே துலக்க இயலாதவர்க்கு வீட்டில் உள்ளோர் துலக்கிவிடுதல் கடமை.

செங்கற்பொடியும் சாம்பலும் பல்லைத் தேய்த்துவிடும். தாடை மூட்டு வலிக்கும்போது குச்சியை மென்று துலக்குதல் வலியை மிகுவிக்கும். புளோரைடு கலந்த பற்பசையே ஏற்றது. வாய் உலர்வோர் அடிக்கடி சிறிது தண்ணீர் பருகுக. இனிப்பு மிட்டாயை வாயில் அடக்கி வைத்தலும், அடிக்கடி சர்க்கரையிட்ட தேநீர் அருந்துதலும் வேண்டா.

பல் மருத்துவரிடம் செல்லும்போது

உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் கையோடு எடுத்துச் சென்று காட்டுக. எந்த மருந்தையும் தாமாக நிறுத்தலாகாது. சிறப்பாக, நெடுநாள் உண்ட ஸ்டீராய்டை ஒரே நாளில் விடுவது உயிருக்கே ஆபத்தாகும். நிறுத்தவோ அளவை மாற்றவோ வேண்டுமாயின், மூட்டு நோய் மருத்துவரும் பல் மருத்துவரும் கலந்து முடிவு செய்வர்.

மெதோட்ரெக்சேட் என்னும் மாத்திரை இந்நோய்க்கு வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே தரப்படுவது. அதனை நாள்தோறும் உண்பது பெருங்கேடு. அதனால் வாயில் புண் தோன்றலாம். தோன்றினால் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். இம்மருந்து உண்போர் பல் வீக்கத்திற்குக் கடையில் தாமாகவே கிருமி மாத்திரை வாங்கி உண்ணலாகாது. டிரைமெத்தோபிரிம் கலந்த மாத்திரை இதனுடன் சேர்ந்தால் இரத்த உற்பத்தியையே குலைத்துவிடும்.

எலும்பை வலுப்படுத்தும் மருந்து பெறுவோர், பல் எடுக்குமுன் அதனையும் சொல்லுதல் வேண்டும். சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. கழுத்து மூட்டுகளும் இந்நோயால் தளரக்கூடும். கழுத்து வலி இருப்பதை முன்கூட்டியே கூறினால், மருத்துவர் தலையை மிகவும் சாய்க்காமல் பார்த்துக்கொள்வார்.

பஞ்சாயத்தின் பங்கு

இவற்றிற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. தம் வார்டில் இந்நோயால் துன்புறுவோர் எவரெவர் என்று உறுப்பினர் அறிந்திருத்தல் வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியருடன் கலந்து, அவர்களைப் பல் பரிசோதனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்யலாம். நடக்க இயலாதவர்க்கு வண்டி உதவி தேடலாம். பிரஷுக்குப் பிடி சுற்றும் முறையை மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் கால் மணி நேரத்தில் கற்பித்துவிடலாம்.

முன்னர்க் கூறிய அம்மையார் பின்னர் இரு மருத்துவர்களின் யோசனைப்படி இரண்டு பற்களை எடுத்துக்கொண்டார். எஞ்சிய பற்களின் ஈறுகள் தூய்மை செய்யப்பெற்றன. அவர் மகன் சைக்கிள் டியூப் சுற்றித் தந்த பிரஷால் இப்போது தாமே துலக்குகிறார். கோணிய விரல்கள் நேராகவில்லை; மாத்திரையும் நிற்கவில்லை. ஆயினும் அண்மையில் நடந்த கிராம சபையில் முந்தானையை விலக்கி எழுந்து, தம் தெருவின் குடிநீர்க் குழாய் பற்றித் தெளிவாகப் பேசினார். அவரைப்போல் வாய் மூடி அமர்ந்திருப்போர் உங்கள் ஊரிலும் இருக்கலாம். அவர்களிடம் இதனை எடுத்துச் சொல்லும் ஆள் நீங்களாக இருங்கள்.