வாசலில் எஃப்.பி.ஐ: யாரிடம் முதலில் பேசுவது?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். என் கணவர் எச்-1பி விசாவில் ஒரு சிறிய கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். போன வாரம் காலையில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். அவர் அப்போதுதான் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார். கொரோனா சமயத்தில் கம்பெனி வாங்கிய பிபிபி என்ற அரசு உதவிக் கடன் பற்றிச் சும்மா இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்று சொல்லி, கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். "தப்பு செய்யாதவன் எதுக்குப் பயப்படணும், போய் உள்ளதைச் சொல்லிட்டு வா" என்கிறார் மாமனார். கம்பெனி வக்கீலைப் பார்த்தால் போதும் என்கிறார் முதலாளி. அடுத்த மாதம் நாத்தனார் கல்யாணத்துக்குச் சென்னை போக டிக்கெட்டும் போட்டாயிற்று. என்ன செய்வது?

பதில்: மாமனார் சொல்வது ஊர் நியாயம். அமெரிக்க ஃபெடரல் சட்டத்தில் அது முழுதாக எடுபடாது. காரணம், 1001 என்ற எண்ணுள்ள பிரிவு. ஃபெடரல் அதிகாரியிடம் வழக்குக்கு முக்கியமான ஒரு விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னால் பொதுவாக ஐந்தாண்டு வரை சிறை. சத்தியப் பிரமாணம் எடுத்திருக்க வேண்டியதில்லை, கூண்டில் நிற்க வேண்டியதில்லை, வீட்டு வாசற்படியே போதும்.

1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிரோகன் வழக்கு அப்படி வாசற்படியில் தொடங்கியதுதான். ஒரு மாலை வேளையில் அதிகாரிகள் பிரோகன் என்ற தொழிற்சங்க நிர்வாகியின் வீட்டுக்குப் போய், ஒரு நிறுவனத்திடமிருந்து பணமோ பரிசோ வாங்கினாரா என்று கேட்டார்கள். 'இல்லை' என்றார் அவர். அந்த நிறுவனத்தின் கணக்குப் பதிவுகள் ஏற்கெனவே தங்கள் கையில் இருப்பதை அதற்குப் பிறகுதான் அதிகாரிகள் வெளியிட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவும் அவர் தண்டிக்கப்பட்டார். குற்றத்தை மறுக்க மட்டும் சொன்ன 'இல்லை'க்குச் சட்டத்தில் விலக்கு உண்டு என்ற வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. விடை தெரிந்த கேள்வியைத்தான் அதிகாரிகள் பெரும்பாலும் கேட்பார்கள்.

தொலைக்காட்சிப் பிரபலம் மார்த்தா ஸ்டுவர்ட் விஷயம் இதைவிட விசித்திரம். 2001 டிசம்பரில் இம்க்ளோன் நிறுவனப் பங்குகளை விற்று அவர் தவிர்த்த நஷ்டம் சுமார் 45,000 டாலர். உள்தகவல் வைத்து விற்றதாக அவர்மீது குற்றவியல் வழக்கே போடப்படவில்லை. விற்றதற்கான காரணத்தை விசாரணையாளர்களிடம் மாற்றிச் சொன்னதும், அதையொட்டிய சதியும் விசாரணைக்கு இடையூறும்தான் 2004-இல் அவரை ஐந்து மாதச் சிறைக்கு அனுப்பின. அத்தனைக்கும் அவர் வக்கீல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசியவர்.

வாசகியின் கணவர் பொய்யே சொல்லாதவராக இருக்கலாம். ஆனாலும் 2020-இல் எந்தத் தாளை யார் கையெழுத்துக்கு நீட்டினார்கள் என்பதை நினைவிலிருந்து சொல்லும்போது பிசகு வரும். இருவராக வரும் அதிகாரிகளில் ஒருவர் கேட்பார், ஒருவர் குறிப்பெடுப்பார். இத்தகைய சந்திப்புகளில் வழக்கமாக ஒலிப்பதிவு இருக்காது; குறிப்பு பிறகு 302 என்ற படிவமாகத் தட்டச்சாகும். என்ன பேசினார் என்பதற்கு அந்தத் தாளே சாட்சி. ஹாலிவுட் படங்களில் வரும் 'வாய் திறக்காமல் இருக்க உரிமை உண்டு' என்ற மிராண்டா எச்சரிக்கையும், காவலில் வைத்து விசாரிக்கும்போது மட்டும்தான் கட்டாயம்.

அதனால் கார்டில் உள்ள எண்ணை அவர் தானாக அழைக்க வேண்டாம். அதிகாரிகள் மறுபடி வந்தால், "என் வக்கீல் மூலம் பேசுகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம். வெறுமனே மௌனமாக நிற்பது போதாது. காவலில் இல்லாதவர், உரிமையைக் கோருவதாக வாய்விட்டுச் சொல்லாமல் மௌனம் காத்தால் அதையே அவருக்கு எதிராகப் பயன்படுத்தலாம் என்று 2013-இல் சலினாஸ் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. குடியுரிமை இல்லாதவருக்கும் இந்த உரிமை உண்டு. இது வாசகிக்கும் பொருந்தும். கடன்காரர் வந்தால் 'வீட்ல இல்லைன்னு சொல்லு' என்கிற நம்மூர்ப் பழக்கத்தை மட்டும் இங்கே தவிர்த்துவிட வேண்டும்.

பேசாமல் இருக்கலாம் என்பது சோதனை வாரண்டைத் தடுக்கலாம் என்றாகாது. வாரண்டோடு வந்தால் வழிவிட்டு, அதன் நகலையும் எடுத்துச் சென்ற பொருள்களுக்கான ரசீதையும் வாங்கிக்கொள்ள வேண்டும். குற்றம் சாட்டலாமா என்று தீர்மானிக்கும் கிராண்ட் ஜூரியிடமிருந்து சப்பீனா என்ற அழைப்பாணை வந்தால் அலட்சியப்படுத்த முடியாது. கிராண்ட் ஜூரி கூடும் அறைக்குள் சாட்சியின் வக்கீலுக்கு இடமில்லை, வெளியே வந்து கேட்டுவிட்டுப் போகலாம்.

முதலாளி காட்டும் வக்கீல், முதலாளியின் கம்பெனிக்குத்தான் வக்கீல். 1981-இன் அப்ஜான் தீர்ப்புக்குப் பிறகு இது பாலபாடம்: அவரிடம் ஊழியர் சொல்வதன் ரகசியம் கம்பெனிக்குச் சொந்தம், கம்பெனி நினைத்தால் அதை அரசிடம் ஒப்படைக்கலாம். கணக்காளர்மேல் பழி போட்டுவிட்டுக் கம்பெனி தப்பிக்கப் பார்க்கும் நாள் வந்தால் அந்த வக்கீல் எந்தப் பக்கம் நிற்பார் என்று சொல்லத் தேவையில்லை. கணவருக்குத் தனி வக்கீல் வேண்டும். வீடு வாங்கித் தந்தவரோ விசா போட்டுத் தந்தவரோ அல்ல, ஃபெடரல் குற்றவியல் வழக்குகளையே நடத்துகிறவர். அவர் அரசு வழக்கறிஞரை அழைத்து முதலில் கேட்பது, இவர் வெறும் சாட்சியா, விசாரணை வட்டத்துக்குள் இருப்பவரா, குறிவைக்கப்பட்டவரா என்பதுதான். கணக்குப் பிரிவு ஊழியர் சாட்சியாகவே இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அந்த நிலை மாறக்கூடியது. 2018-இல் ஃபெடரல் வழக்குகளில் சிக்கியவர்களில் சுமார் 90 சதவீதத்தினர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஜூரியோ நீதிபதியோ முழு விசாரணை நடத்தியது 2 சதவீதத்துக்குத்தான். குற்றப்பத்திரிகைக்கு முந்தைய இந்த வாரங்களில் வக்கீல் செய்யும் வேலைக்கு அவ்வளவு மதிப்பு.

ஒரு மின்னஞ்சலைக்கூட அழிக்கக் கூடாது. கணக்கு மோசடியில் கவிழ்ந்த என்ரான் நிறுவனத்தின் ஆவணங்களைக் கிழித்துத் தள்ளிய ஆர்தர் ஆண்டர்சன் தணிக்கை நிறுவனம் 2002-இல் தண்டிக்கப்பட்டது; 2005-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தபோது நடத்துவதற்கு நிறுவனமே மிஞ்சவில்லை. அப்படிப்பட்ட கணக்கு ஊழல்களை ஒட்டி வந்த சட்டம், விசாரணையைத் தடுக்க ஆவணத்தை அழித்தால் 20 ஆண்டு வரை சிறை என்கிறது. இதே பிரிவை அளவு குறைந்த மீன்களைக் கடலில் வீசச் சொன்ன ஃபுளோரிடா படகுக்காரர்மீதும் போட்டார்கள் என்றால் அரசு வழக்கறிஞர்களின் ஆர்வம் புரியும். மீன் இந்தச் சட்டத்தில் வராது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொன்னதால்தான் அவர் தப்பினார்.

கடன் வாங்கி இத்தனை வருஷம் ஆயிற்றே என்ற ஆறுதலும் வேண்டாம். பெரும்பாலான ஃபெடரல் குற்றங்களுக்குக் கால வரம்பு ஐந்தாண்டு. பிபிபி மோசடிக்கோ 2022-இல் அதைப் பத்தாண்டாக்கிவிட்டார்கள்.

கூட வேலை பார்ப்பவர்களை அழைத்து 'உன்னிடம் என்ன கேட்டார்கள்' என்று விசாரிப்பதும் ஆபத்து; மறுமுனையில் அது பதிவாகிக்கொண்டிருக்கலாம். கொழும்பில் பிறந்த கேலியான் நிதி நிறுவனர் ராஜ் ராஜரத்தினத்தை 2011-இல் 11 ஆண்டுச் சிறைக்கு அனுப்பியதில் தொலைபேசிப் பதிவுகளுக்குப் பெரும் பங்கு. அவருக்குப் பங்குச்சந்தை உள்தகவல் கொடுத்த ஒருவரே எஃப்.பி.ஐ-க்கு ஒத்துழைத்து அவரோடு பேசியதைப் பதிவு செய்தார்.

சென்னைப் பயணத்துக்கு வருவோம். குற்றச்சாட்டும் நீதிமன்ற உத்தரவும் இல்லாதவரை போக எந்தச் சட்டத் தடையும் இல்லை. திரும்பி வரும்போதுதான் சிக்கல்: விமான நிலையத்தில் எல்லைக் காவல் அதிகாரிகள் வாரண்ட் இல்லாமலே செல்பேசியைச் சோதிக்கிறார்கள், எச்-1பி-காரரை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பவும் முடியும். குற்றவியல் வக்கீலும் குடிவரவு வக்கீலும் பேசி முடிவெடுத்த பிறகு, திரும்பும் டிக்கெட்டோடு, அவர்களுக்குத் தேதியைச் சொல்லிவிட்டுப் போவதே சரி. விசாரணைக்குப் பயந்து ஊரிலேயே தங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம்: இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் 1997-இலேயே நாடு கடத்தல் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. தப்பி ஓடியவருக்கு மேலே சொன்ன பத்தாண்டு வரம்பும் பொருந்தாது.