சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஓவனில் வறுக்கும் முறை

பொங்கல் சமயத்தில் தாம்பரம் கடைத்தெருக்களில் குவியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு பெரும்பாலும் அவித்தே உண்ணப்படுகிறது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் முதலிய இடங்களிலுள்ள சிறுவர்களோ, விரல்போல் நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு வறுவலில் மிக்க பிரியமுடையவராயிருக்கின்றனர். அவ்வடிவிலேயே இக்கிழங்கையும் எண்ணெய்ச் சட்டியின்றி, ஓவன் என்னும் மின்சாரச் சூட்டுப் பெட்டியில் செய்து கொடுக்கலாம். விளைவித்த கிழங்கை விற்பதோடன்றித் தம் வீட்டிலும் உபயோகிக்க விரும்பும் குடியானவருக்கு இம்முறை ஏற்றது.

முதலில் கவனிக்க வேண்டியது கிழங்கேயாகும், அடுப்பு பின்னரே. கூன்வண்டின் புழு துளைத்த கிழங்கு கசக்கும். அக்கசப்பு, புழுவை எதிர்க்கும் பொருட்டுக் கிழங்கே சுரக்கும் பொருள்களால் உண்டாவது. துளையை அடுத்த சதையிலும் அது பரவியிருக்கும். சுடுவதால் முற்றும் நீங்குவதில்லை. ஆகையால் துளைத்த பாகத்தை மட்டும் செதுக்கிவிட்டு எஞ்சியதைச் சமைப்பது தவறு. அத்தகைய கிழங்கையும் பூசணம் பிடித்ததையும் மாட்டுக்குப் போடுவது அதனினும் பெருந்தவறு. பூசணம் பிடித்த கிழங்கைத் தின்ற மாடுகள் நுரையீரல் கெட்டு, மூச்சுத் திணறி மாண்டமை பிற நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. சிக்கனமென்று கருதிச் செய்யும் இக்காரியம் ஒரு கறவை மாட்டின் விலையை விழுங்கிவிடும். கழிவை எரித்தோ ஆழப் புதைத்தோ விடுக. வண்டில்லாத கொடிகளையே நட்டு, மண் வெடிப்பை அவ்வப்போது மூடி மண் அணைத்து, முற்றியவுடன் காலதாமதமின்றித் தோண்டினால் சேதம் பெரிதும் குறையும்.

வெண்சதைக் கிழங்கில் கரோட்டின் சொற்பம். திருவனந்தபுரத்தில் 1963ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ‘பூ சோனா’ என்னும் செஞ்சதை ரகத்தில் 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் கரோட்டின் உண்டு. இது உடலில் ஏ வைட்டமினாக மாறிக் கண்ணுக்கு உதவும். சிறிது எண்ணெய் சேர்ந்தாலன்றி இது நன்கு செரித்துச் சேராதாகையால், எண்ணெயை அடியோடு விலக்குவதும் சரியன்று.

அரைக் கிலோ கிழங்கைக் கழுவி, தோலுடனோ சீவியோ, சிறுவிரல் கனத்தில் ஒரே அளவாக நறுக்க வேண்டும். தண்ணீரில் அரை மணி ஊறவைத்தால் மேற்புற மாவும் சர்க்கரையும் ஓரளவு நீங்கும். பின்னர்த் துணியில் ஒற்றி ஈரமறத் துடைக்க வேண்டும். ஈரமிருந்தால் துண்டுகள் வெந்து குழையுமேயன்றி மொறுமொறுப்பாகா. ஒரு மேஜைக்கரண்டி நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ, சிறிது மிளகுப் பொடியோ சேர்த்துப் புரட்டி, தட்டில் ஒன்றோடொன்று படாமல் பரப்புக. முன்னரே 200 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடேற்றிய பெட்டியில் சுமார் 25 நிமிஷம் வைத்து, பாதி நேரத்தில் திருப்பிவிட வேண்டும். உப்பை இறுதியில் தூவுவதே முறை. முன்னதாகச் சேர்த்தால் நீர் கசியும். மைக்ரோவேவ் மட்டுமுள்ள பெட்டியில் இது கைகூடாது.

நிறம் பொன்னிறமானதும் எடுத்துவிட வேண்டும். இக்கிழங்கில் இயற்கையாகவே சர்க்கரை மிகுதியாதலால் விரைவில் கருகும். மாவுப்பண்டங்கள் மிகுந்த சூட்டில் பழுப்பேறும்போது அக்ரிலமைடு என்னும் தீய பொருள் உண்டாவதை 2002ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் வெளியிட்டனர். பச்சைக் கிழங்கைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் நடுச்சதை கல்போலாகிச் சுவை கெடும். காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தலே போதும்.

நீரிழிவுடையோர் ஒன்றை அறிதல் வேண்டும். அவித்த கிழங்கைவிட இவ்வாறு சுட்டது இரத்தத்தில் சர்க்கரையை விரைந்து ஏற்றும்; ஆகவே அவர்கள் அவித்ததையே, அதையும் அளவோடு உண்பது நன்று. மற்றவருக்கும் இது பலகாரமேயன்றி வேளைச் சாப்பாடன்று. ஆறினால் துண்டுகள் துவண்டு போகுமாதலால், அவ்வப்போது வேண்டிய அளவே நறுக்குக.