துப்பாக்கி வந்த வழி: அமெரிக்கக் குற்றத் திரைப்படங்களில் ஆயுதமேந்திய பெண்பாத்திரங்கள்

திறவுச்சொற்கள்: குற்றத் திரைப்படம், பெண்பாத்திரம், ஆயுதம், களவு, ஒழுக்க நெறி

முன்னுரை

அமெரிக்கக் குற்றத் திரைப்படங்களில் ஆயுதமேந்தும் பெண்ணை, ஆடவனை அழிவுக்கு இட்டுச்செல்லும் மோகினி என்னும் ஒரே வார்ப்பில் அடக்கிவிடுவது எளிது. அவள் கைக்குத் துப்பாக்கி வந்த வழியை நோக்கினால் அவ்வார்ப்பு நிலைபெறுவதில்லை. இக்கட்டுரை நான்கு படங்களை அந்நோக்கில் அணுகுகிறது.

பிழைப்பாகத் துப்பாக்கி

ஜோசப் எச். லூயிஸ் இயக்கிய ‘கன் கிரேசி’ (1950), பெண்ணே கொடியவள் எனப் பொருள்படும் தலைப்பில்தான் முதலில் வெளியானது. படத்தின் காட்சிகள் அத்தீர்ப்பை முழுவதும் ஏற்கவில்லை. பெக்கி கம்மின்ஸ் நடித்த அன்னி லாரி ஸ்டார், கேளிக்கைக் கூடாரத்தில் குறிபார்த்துச் சுடும் வித்தைக்காரியாக அறிமுகமாகிறாள். துப்பாக்கி அவளது பிழைப்பு. எந்த ஆடவனும் அளித்த கொடையன்று. பார்ட் டேர் அவளுடன் மேடையில் நிகழ்த்தும் சுடும் போட்டியே அவர்தம் காதற்காட்சியுமாகிறது. களவு என்னும் தமிழ்ச்சொல்லின் இரு பொருளும் இவ்விணையரின் வாழ்வில் ஒன்றாகின்றன. (இதற்குமேல் களவியலோடு ஒப்புமை தேடுவது மிகை.)

சிறுவயதில் கோழிக்குஞ்சைக் கொன்ற வருத்தத்தால் பார்ட் உயிர்க்கொலைக்கு அஞ்சுபவன். லாரி அவ்வாறல்லள். இறைச்சி நிறுவனத்தில் அவள் கால்சட்டை அணிந்து வந்ததைக் கண்டித்த மேற்பார்வையாளர் ஒரு பெண். கொள்ளையின்போது எச்சரிக்கை மணியை ஒலிக்கச்செய்யும் அவரையே லாரி சுட்டுக்கொல்கிறாள். ஆடைக் கட்டுப்பாடும் தோட்டாவும் இவ்வாறு ஒரே கதைக்கண்ணியில் பிணைக்கப்படுகின்றன. இறுதியில் சதுப்பு நிலத்தில், தன் இளமைக்கால நண்பர்களை அவள் சுட்டுவிடாதபடி பார்ட் அவளைக் கொல்கிறான். குற்றம் தண்டனை பெறவேண்டும் என்பது அன்றைய திரைப்பட ஒழுக்க நெறி. ஆயின், அத்தண்டனையைக் கணவனே நிறைவேற்றவேண்டும் என்பது அந்நெறியின் கட்டளையன்று. இத்தேர்வு படத்துக்கே உரியது.

ஒளிப்படம் ஈந்த ஆயுதம்

ஆர்தர் பென்னின் ‘பானி அண்ட் கிளைடு’ (1967) படத்தில் துப்பாக்கி ஆடவனிடமிருந்து வருகிறது. கிளைடு அதைக் காட்டுகிறான்; பானி தொட்டுப்பார்க்கிறாள்; பின்னர் அவனே சுடக் கற்பிக்கிறான். மெய்யான பானி பார்க்கரின் புகழுக்கோ ஒளிப்படம் துணைநின்றது. 1933-இல் ஜாப்லினில் காவலர் கைப்பற்றிய படங்களுள் ஒன்றில் அவர் வாயில் சுருட்டுடன், கையில் துப்பாக்கியுடன் நிற்கிறார். கும்பலில் இருந்த டபிள்யூ. டி. ஜோன்ஸோ, மோதல்களில் பானி சுட்டதில்லை என்றே பின்னாளில் கூறினார். விளையாட்டாக எடுத்த தோற்றம் வரலாற்றை முந்திக்கொண்டது; திரைப்படம் அத்தோற்றத்துக்கு அசைவு தந்தது.

பிற்காலப் படங்கள்

ஜான் கசாவெட்டிஸின் ‘குளோரியா’வில் (1980) ஜீனா ரோலண்ட்ஸ், குற்றக்கும்பலின் பழைய உறவுகளையே சுட்டு ஒரு சிறுவனைக் காக்கிறார். தாய்மை இங்கு ஆயுதத்துக்கு நியாயம் வழங்குகிறது. எனக்கு இது சற்றே எளிய தீர்வாகத் தோன்றுகிறது.

எஃப். கேரி கிரேயின் ‘செட் இட் ஆஃப்’ (1996) அவ்வாறு எளிதில் அமைதி கொள்ளவில்லை. லாஸ் ஏஞ்சலீஸில் துப்புரவுப் பணிசெய்யும் நான்கு கறுப்பினப் பெண்களை வேலையிழப்பும், காவலரால் நேர்ந்த உடன்பிறந்தானின் சாவும், குழந்தையைப் பிரிந்த துயரும் கொள்ளைக்குத் தள்ளுகின்றன. துப்பாக்கியை மிக விரும்பும் கிளியோ (குவீன் லத்தீஃபா) குண்டுமழையில் வீழ்கிறாள். ஸ்டோனி மட்டும் மெக்சிகோவை அடைகிறாள். லாரியும் பார்ட்டும் செல்லத் திட்டமிட்டு எட்டாமற்போன நாடும் அதுவே. எனினும், பேருந்தில் செல்லும் ஸ்டோனியைக் கண்ட காவல் அதிகாரி, வேண்டுமென்றே அவளைப் போகவிடுகிறார்.