ஒரு ஸ்டார்... ஒரு குடில்... போதுமே!

டிசம்பர் பிறந்து நாலு நாள்கூட ஆகவில்லை. ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் என் கிளினிக்குக்கு ஓர் அம்மா வந்தார். பள்ளிக்கூட டீச்சர். வயது 45 இருக்கும். கையில் மகனுடைய மருத்துவ ஃபைல்.

"டாக்டருங்க, கிறிஸ்துமஸ் வந்தாலே வயித்தைக் கலக்குதுங்க" என்றார்.

"ஏம்மா, சந்தோஷமான பண்டிகையாச்சே!" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. முந்தைய வருஷம் டிசம்பர் 22 அன்று பரணிலிருந்து இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகளை இறக்கியிருக்கிறார். ஒன்றில் பிளாஸ்டிக் மரமும் ஜிகினாத் தோரணங்களும். இன்னொன்றில் மாமியார் 30 வருஷமாகச் சேர்த்து வைத்த குடில் பொம்மைகள். பள்ளிக்கூடம், சமையல், பலகாரம், டெய்லர் கடை எல்லாம் முடிந்து ராத்திரி 11 மணிக்கு மேல் உட்கார்ந்து ஜோடித்திருக்கிறார். கூட ஒத்தாசைக்கு 9 வயது மகன். அவனுக்கு ஏற்கெனவே வீசிங் தொந்தரவு உண்டு.

24-ஆம் தேதி ராத்திரி, எல்லோரும் பூசைக்குக் கிளம்பும் நேரத்தில் பையனுக்கு இழுப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். "கோயில் மணிச் சத்தம் ஜன்னல் வழியாக் கேட்டுச்சுங்க. பையன் மாஸ்க்கோட என்னையவே பார்த்துட்டு இருந்தானுங்க" என்றபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த வருஷம் இன்னொரு சிக்கல். மாமியாருக்கு லேசான பக்கவாதம் வந்து, பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். குடிலை இனி மருமகள்தான் வைக்க வேண்டும். "ஒரு பொம்மை குறைஞ்சாலும் அத்தை மனசு நோகுமுங்க. பையனுக்கும் இழுப்பு வரக்கூடாது. அதுக்கு ஏதாவது மருந்து குடுங்க டாக்டர்."

அதற்கு மருந்து என்னிடம் இல்லை. எந்த டாக்டரிடமும் இருக்காது. குறைக்க வேண்டியது அலங்காரத்தை.

பெட்டிக்குள் குடியிருப்பவர்கள்

பதினொரு மாதம் பரணில் கிடந்த அட்டைப் பெட்டிக்குள் பொம்மை மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத தூசுப் பூச்சிகள் அதில் குடும்பம் நடத்துகின்றன. நம் தோலில் இருந்து உதிரும் செதிலைத் தின்று வாழ்பவை இவை. ஈரப்பதம் இவற்றுக்கு ரொம்பப் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை முடிந்த கையோடுதான் நாம் பெட்டியை இறக்குகிறோம்! அட்டை அந்த ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். பூஞ்சை பிடித்திருக்கும். கரப்பான் எச்சமும் சேர்ந்திருக்கும். ராத்திரி நேரத்தில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஃபேனைப் போட்டு அதைத் திறந்தால், வீசிங் உள்ள குழந்தைக்கு வேறு வினையே வேண்டாம்.

சித்த மருத்துவம் மார்கழியையும் தையையும் முன்பனிக்காலம் என்கிறது. கிறிஸ்துமஸ் சரியாக மார்கழி 10-ஐ ஒட்டி வருகிறது. கபம் எளிதில் கட்டும் உடம்புக்காரர்கள் குளிர்ந்த காற்றிலிருந்து தங்களைக் காத்துக்கொள்ள வேண்டிய நேரம் அது. பனியும் தூசியும் சேர்ந்தால் ஒன்றுக்கு இரண்டு!

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தால், 'சித்த மருந்து சாப்பிடுகிறோமே' என்று அதை நிறுத்தாதீர்கள். பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ கஷாயம் காய்ச்சிக்கொண்டு இருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அடக்கக் கூடாத பதினான்கு

பையன் கதை இருக்கட்டும். அந்த அம்மாவுக்கே பிரஷர் பார்த்தேன். கூடுதலாகத்தான் இருந்தது.

எங்கள் நூல்களில் 14 வேகங்கள் என்று ஒரு பாடம் உண்டு. உடம்பு தானாகக் கேட்கும் 14 விஷயங்களை அடக்கக் கூடாது என்பது அதன் சாரம். சிறுநீர், மலம், தும்மல் என்று போகும் அந்த வரிசையில் பசி, தாகம், தூக்கம், இளைப்பு ஆகியவையும் இருக்கின்றன. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் இதைப் படித்தபோது பரீட்சைக்காக மனப்பாடம் செய்ததோடு சரி. பிராக்டீஸுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, நம் வீட்டுப் பெண்கள் பண்டிகைக்கு முந்தைய ராத்திரியில் இந்த நாலையும் ஒன்றாக அடக்கிவிடுகிறார்கள் என்று! 'இதை ஒட்டிவிட்டுச் சாப்பிடுகிறேன், அதைக் கட்டிவிட்டுப் படுக்கிறேன்' என்று இழுத்துக்கொண்டே போவார்கள். விடிந்ததும் தலைபாரம், கண் எரிச்சல், குதிகால் வலி, யாரைப் பார்த்தாலும் எரிச்சல். தீபாவளிக்கும் இதே கதைதான். மதம் வேறு, முதுகுவலி ஒன்று!

பாளையங்கோட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே நான் ஹாஸ்டல் மாணவன். ஊசிக் கோபுரம் சர்ச் இருக்கும் ஊர். டிசம்பர் பிறந்தால் தெருவெல்லாம் ஸ்டார் தொங்கும். பெரும்பாலும் வீட்டிலேயே செய்ததுதான். மூங்கில் சிம்பைச் சீவி ஐந்து முனைக் கூடு கட்டுவார்கள். மைதாப் பசை காய்ச்சி, பட்டம் விடும் கலர் பேப்பரை ஒட்டி, உள்ளே ஒரு ஜீரோ வாட் பல்பு. அவ்வளவுதான் அலங்காரம். அந்த ஒரு ஸ்டார் போதும், இது கிறிஸ்துமஸ் வீடு என்று தெரு முனையிலிருந்தே தெரிந்துவிடும்.

நம் கொங்கு நாட்டில் மட்டும் என்ன? பொங்கலுக்கு முதல் நாள் காப்புக் கட்டுகிறோம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் ஒரு பிடி சேர்த்து வாசலில் செருகினால் முடிந்தது. ஐந்து நிமிஷ வேலை. அதைச் செய்ததற்காக இடுப்புப் பிடித்து என்னிடம் யாரும் வந்ததில்லை.

குடிலின் கதையும் எளிமையானதுதான். இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில் 1223-ஆம் வருஷம் அசிசியின் புனித பிரான்சிஸ் கிறிஸ்துமஸுக்கு ஒரு காட்சி அமைத்தார். தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. குடில் வைக்கும் வழக்கம் பரவியதற்கு அதைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள். சீரியல் லைட்டும் இல்லை, ஜிகினாவும் இல்லை.

மாமியார் சொன்னது

"அடுத்த தடவை உங்க அத்தையைக் கூட்டிட்டு வாங்கம்மா, கை காலையும் பார்த்துடலாம்" என்று அனுப்பினேன். வந்தார்கள். பெரியவர் கருமத்தம்பட்டிப் பக்கம் பிறந்தவர். பரிசோதனை முடிந்ததும் மெதுவாகக் குடில் பேச்சை எடுத்தேன். பையனுக்கு இழுப்பு வந்தது பெட்டித் தூசியால் இருக்கலாம் என்ற விஷயமே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மருமகள் சொல்லவே இல்லை!

"ஏஞ் சாமி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எங்கப்பன் ஊட்ல ஆறு பொம்மைதான் இருந்துச்சு. ராயித் தட்டு ஒண்ணு முளைக்கப் போடுவோம், அதுதான் புல்லு. இத்தனையும் உங்க மாமா வருஷா வருஷம் வாங்கியாந்ததுங் கண்ணு. வேண்டாங்கறதுக்கு எனக்கும் வாய் வரலே" என்றார்.

மருமகள் மாமியாருக்காக, மாமியார் மறைந்த கணவருக்காக... இருவரும் வேண்டாத பாரத்தை ஒருவருக்காக ஒருவர் சுமந்திருக்கிறார்கள். ஆகவே பெட்டியைத் திறக்கும் முன் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'எது இல்லாவிட்டால் உனக்குக் கிறிஸ்துமஸ் மாதிரியே இருக்காது?' ஆளுக்கு ஒன்று சொல்லட்டும். அவற்றை மட்டும் வையுங்கள். இந்த வீட்டில் பையன் ஸ்டார் என்றான், பாட்டி குடில் என்றார். அப்பா யோசித்துவிட்டு "கேக்" என்றாராம்! பிளாஸ்டிக் மரத்தை யாருமே கேட்கவில்லை.

நாலு ஞாயிறு, நாலு வேலை

கிறிஸ்துமஸுக்கு முன்னால் நாலு ஞாயிறு திருவருகைக் காலம். ஒரு ஞாயிற்றுக்கு ஒரு வேலை, அரை மணி நேரம். அதற்கு மேல் வேண்டாம்.

முதல் ஞாயிறு பெட்டி. பகலில், மொட்டை மாடியிலோ வாசலிலோ வைத்துத் திறக்க வேண்டும். திறப்பவர் மூக்கில் துணி கட்டிக்கொள்ளட்டும். வீசிங் உள்ளவர் பக்கத்தில் வேண்டாம். பொம்மைகளை ஈரத் துணியால் துடையுங்கள், தட்டி உதறாதீர்கள். துணிச் சாமான்களைச் சுடுநீரில் அலசி வெயிலில் காயப் போடுங்கள்.

இரண்டாம் ஞாயிறு ஸ்டார். ஸ்டூல் மேல் ஏறி அண்ணாந்து பார்த்துத் தலை சுற்றி விழுந்தவர்களை டிசம்பரில் நான் பார்க்காமல் இருந்ததில்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் 60 தாண்டியவர்களும் ஏறவே வேண்டாம். நிரந்தரமாக ஒரு கொக்கி அடித்துவிட்டால், தொரட்டிக் கோலால் கீழே நின்றே மாட்டிவிடலாம்.

மூன்றாம் ஞாயிறு விதைப்பு. எனக்குப் பிடித்த வேலை! ராகியோ கம்போ ஒரு கைப்பிடி எடுத்து ராத்திரி முழுக்க ஊற வையுங்கள். ஓட்டையுள்ள பழைய தட்டில் இரண்டு விரல் உயரம் மண் பரப்பி, நெருக்கமாகத் தூவி, மேலே லேசாக மண் தூவுங்கள். தினமும் தண்ணீர் தெளித்தால் கிறிஸ்துமஸுக்குள் பச்சைப் பசேலென்று புல் தயார். குடிலுக்கு இதைவிட நல்ல தரை எந்தக் கடையிலும் கிடைக்காது. இன்னொரு தட்டில் வெந்தயம் போடுங்கள். பண்டிகை முடிந்ததும் கிள்ளிப் பருப்போடு கடைந்தால் குளிர்ச்சியான கீரை. சாப்பிட நினைத்தால் சாயமோ மருந்தோ கலந்த விதை கூடாது, மளிகைக்கடை வெந்தயமே போதும். தண்ணீர் தெளிக்கும் வேலை குழந்தைகளுடையது. டி.வி. முன்னாலிருந்து எழுப்ப நல்ல சாக்கு.

நாலாம் ஞாயிறு குடில். ஆறேழு பொம்மை. மாட்டுக் கொட்டகைக்குத் தென்னை ஓலையும் நாலு குச்சியும். தெர்மாகோலை அறுத்து வீடெல்லாம் பறக்க விட வேண்டாம். அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டிருக்கிறது. பனி மாதிரி இருக்கட்டும் என்று ஸ்ப்ரே அடிக்கிறார்கள். மூடிய அறையில் அது மூச்சுக்குக் கெடுதல். ஊட்டியிலேயே உறைபனிதான், கோயமுத்தூரில் பனிமழை எதற்கு? பெத்லகேமிலும் பனி கொட்டுவது அபூர்வம்தான்.

மரம் வைத்தே ஆக வேண்டும் என்பவர்கள் ஒரு சவுக்குக் கிளையை வெட்டி வந்து, வெளியிலேயே தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, காய வைத்து உள்ளே கொண்டு வாருங்கள். நர்சரியில் தொட்டியோடு அரக்கேரியா வாங்கினால் வருஷக்கணக்கில் வரும். பாயின்செட்டியா செடியும் இப்போது நிறைய விற்கிறது. சிவப்பாக இருப்பது பூ அல்ல, நிறம் மாறிய இலை. கள்ளிக் குடும்பத்துச் செடி. கிள்ளினால் பால் வடியும், தோலிலும் கண்ணிலும் பட்டால் எரியும். உயிரைப் பறிக்கும் விஷம் அல்ல, ஆனாலும் தவழும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

விளக்கு விஷயத்தில்

பழைய சீரியல் செட்டைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது. ஒயர் வெடித்திருந்தால் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். எல்.இ.டி. செட் அதிகம் சூடாகாது. ஆனால் எதுவானாலும் படுக்கும் முன் அணைத்துவிடுங்கள். மினுக்கும் விளக்கு படுக்கையறையில் இருந்தால் குழந்தைக்குத் தூக்கம் கெடும். வைக்கோலும் பஞ்சும் இருக்கும் குடிலுக்குள் மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம்.

சின்ன விளக்குகளில் வரும் பட்டன் பேட்டரிதான் எனக்குப் பெரிய பயம். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே அரித்துப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், 'மலத்தோடு போய்விடும்' என்று காத்திருக்காதீர்கள். எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள். ஸ்க்ரூ போட்டு மூடாத பேட்டரி விளக்கை வாங்கவே வாங்காதீர்கள்.

சாம்பிராணி போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சித்த வைத்தியனே வேண்டாம் என்கிறானே என்று நினைக்காதீர்கள். வீசிங் உள்ள வீட்டில் புகை புகைதான், அது சாம்பிராணியாக இருந்தாலும் வாசனை மெழுகுவர்த்தியாக இருந்தாலும். வாசனைதான் வேண்டும் என்றால், ஒரு தட்டில் ஆரஞ்சுத் தோல், நாலு கிராம்பு, ஒரு துண்டுப் பட்டை வையுங்கள். வேலை செய்து அலுத்தவருக்கு ஒரு டம்ளர் சுக்கு மல்லி காபி. அதை அலங்காரம் செய்தவரே எழுந்து போய்ப் போடக் கூடாது!

அந்த வீட்டில் அந்த வருஷம் பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்லச் சொல்ல, பேரன் துடைத்த பொம்மைகளை வைத்தான். ஏழு பொம்மை. பெட்டி இறக்கும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். பையன் டாக்டர் சொன்னபடி இன்ஹேலரையும் விடாமல் எடுத்தான். 24-ஆம் தேதி ராத்திரி நாலு பேரும் பூசைக்குப் போனார்கள். ஜனவரியில் வந்தபோது அந்த அம்மாவின் பிரஷரும் கொஞ்சம் இறங்கியிருந்தது. மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அலங்காரத்தைப் பிரிக்கவும் ஒரு நாள் குறித்துவிடுங்கள். ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள், அதற்கு அடுத்து வரும் ஞாயிறு சௌகரியம். எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் துடைத்து, நன்றாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். பழைய அட்டைப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுங்கள்.