தொடர் மாற்றமும் நடைச் செம்மையும்

முன்னுரை

கருத்து ஒன்றே ஆயினும், அதனைச் சொல்லும் தொடர் மாறும்போது அழுத்தமும் மாறுகிறது. பள்ளியில் ‘தொடர் மாற்றம்’ என்னும் பகுதியை மதிப்பெண்ணுக்காகப் படித்தோம். தேர்வு முடிந்ததும் மறந்தோம். நல்ல உரைநடை எழுத விரும்புவோர்க்கு அதனினும் சிறந்த பயிற்சி வேறில்லை. அப்பயிற்சியை மேற்கொள்ளும் முறையை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

உரைநடை வளர்ந்த வழி

ஓலைச்சுவடியில் இன்றுள்ள நிறுத்தக்குறிகள் இல்லை. பழைய உரையாசிரியர்கள் எச்சங்களாலும் இடைச்சொற்களாலும் தொடரை நீட்டிச் சென்றனர். அச்சு பரவிய 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் (1822-1879) நிறுத்தக்குறிகளை முறையாகக் கையாண்டு, மாணவர்க்கு ஏற்ற எளிய உரைநடையில் பாடநூல்களை எழுதினார். அறிஞர் சித்திலெவ்வை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை வெளியிட்டார். திரு.வி.க. (1883-1953) ‘தேசபக்தன்’, ‘நவசக்தி’ ஏடுகளில் சிறுசிறு தொடர்களால் பொதுமக்கள் உள்ளத்தைத் தொட்டார். புலவரை நோக்கி எழுதியபோது தொடர் நீண்டது. பொதுமக்களை நோக்கி எழுதியபோது அது சுருங்கியது. படிப்பவர் யார் என்பதே தொடரின் அளவை முடிவு செய்கிறது.

ஒரு செய்தி, பல தொடர்கள்

புதுமடம் முதலான நம் கடற்கரை ஊர்களில் தனுஷ்கோடிப் புயலைப் பற்றிக் கேளாதார் அரியர். அச்செய்தியையே பயிற்சிக்குக் கொள்வோம்.

1. தனித்தொடர்: “1964 டிசம்பர் 22 இரவு பெரும்புயல் வீசியது. கடல் பொங்கியது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயிலை அலை விழுங்கியது. தனுஷ்கோடி அழிந்தது.” ஒவ்வொரு தொடரும் ஓர் அடிபோல் விழுகிறது. விரைவையும் அச்சத்தையும் உணர்த்த இது பொருந்தும். பக்கம் முழுதும் இவ்வாறே எழுதினால் சலிப்புத் தட்டும்.

2. எச்சத்தொடர்: “பெரும்புயல் வீச, கடல் பொங்கி இரயிலை விழுங்கியது.” இங்கே ஓர் இலக்கண நுட்பம் உண்டு. ‘பொங்கி’, ‘விழுங்கியது’ இரண்டிற்கும் எழுவாய் கடல். ஆதலின் ‘பொங்கி’ என்னும் ‘செய்து’ வாய்பாட்டு எச்சம் பொருந்தியது. புயல் வேறு எழுவாய். ஆதலின் ‘வீச’ என்னும் ‘செய’ வாய்பாட்டு எச்சம் வந்தது. விதிவிலக்குகள் இருப்பினும் பொது விதி இதுவே. மாணவர் எழுதும் நெடுந்தொடர்கள் பல குழம்புவது இவ்விடத்தில்தான்.

3. கலவைத்தொடர்: “புயலால் கடல் பொங்கியதால், பாம்பனிலிருந்து புறப்பட்ட இரயில் அலையில் சிக்கியது.” காரண காரியத்தை விளக்க இதுவே தக்கது. வரலாறு, அறிவியல் விடைகளுக்கு இது மிகவும் பயன்படும்.

4. எதிர்மறைத்தொடர்: “அன்று புறப்பட்ட இரயில் தனுஷ்கோடி நிலையத்தை அடையவே இல்லை.” புயல் என்ற சொல்லும் இல்லை, அலை என்ற சொல்லும் இல்லை. எனினும் படிப்பவர் நெஞ்சு கனக்கிறது.

5. செயப்பாட்டுவினைத்தொடர்: “தனுஷ்கோடி அழிக்கப்பட்டது.” செய்தவர் மறைந்து, செய்யப்பட்டதே முன்னிற்கிறது. இதனை அளவறிந்து ஆளவேண்டும். “குழாய் பழுதுபார்க்கப்படவில்லை” என்று எழுதினால், பழுதுபார்க்க வேண்டியவர் யார் என்பது மறைந்துவிடுகிறது.

வாழ்வில் இதன் பயன்

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. ஊரார் சார்பில் விண்ணப்பம் எழுதும் பொறுப்பு, படித்த பிள்ளைகளிடமே வந்து சேரும். “எங்கள் தெருவில் குழாய் உடைந்து பத்து நாள்களாகத் தண்ணீர் வராமல் பெண்கள் நெடுந்தூரம் சென்று குடம் சுமந்து வருவதால் பிள்ளைகள் பள்ளிக்குத் தாமதமாகச் செல்ல நேர்வதைக் கருதித் தாங்கள் ஆவன செய்ய வேண்டுமாய்...” என்று நீளும் விண்ணப்பத்தில், கோரிக்கை எதுவென்று அலுவலர் தேட வேண்டியுள்ளது. அதனையே பின்வருமாறு மாற்றலாம்:

“எங்கள் தெருவின் குடிநீர்க் குழாய் உடைந்து பத்து நாள்கள் ஆகின்றன. பெண்கள் நெடுந்தூரம் சென்று தண்ணீர் சுமக்கின்றனர். அதனால் பிள்ளைகள் பள்ளிக்குத் தாமதமாகச் செல்கின்றனர். இவ்வாரத்திற்குள் புதுக்குழாய் அமைத்துத் தருமாறு வேண்டுகிறோம்.”

செய்தி அதுவே. ஆயினும் இடர் ஒரு தொடரிலும், விளைவு இரு தொடர்களிலும், கோரிக்கை இறுதித் தொடரிலும் தெளிவாக நிற்கின்றன. இனி எவரும் தேட வேண்டியதில்லை.

பயிற்சி முறை

நாள்தோறும் ஒரு செய்தியை மூன்று வகைத் தொடர்களில் எழுதுக. எழுதியதை வாய்விட்டுப் படிக்க. மூச்சுத் திணறும் இடத்தில் தொடரைப் பிரிக்க. வினைமுற்றுகளின்கீழ்க் கோடிடுக, ஒரு பத்தியில் எல்லாத் தொடர்களும் ஒரே அளவினவாயின் ஒன்றிரண்டை இணைக்க. ஒவ்வோர் எச்சத்திற்கும் எழுவாய் எது என வினவுக. இறுதியில், சொல்லவந்த பொருளுக்கு மிகப் பொருந்தும் வடிவத்தை மட்டும் நிறுத்தி, ஏனையவற்றை நீக்குக.

முடிவுரை

தொடரை மாற்றுவது அழகு காட்டுவதற்கன்று. விரைவுக்குத் தனித்தொடர், காரணத்திற்குக் கலவைத்தொடர், இழப்பைச் சொல்ல ஓர் எதிர்மறைத்தொடர் எனப் பொருளே வடிவத்தைத் தேர்கிறது. மாணவச் செல்வங்கள் இப்பயிற்சியைத் தேர்வோடு விட்டுவிடாது தொடர்வாராக. அவர்தம் எழுத்து தமக்கு மதிப்பெண்ணையும், தம் ஊருக்குத் தெளிந்த குரலையும் பெற்றுத் தரும்.